எட்டுக்கையனும் கண்ணாடிக் கோழியும்

டிவி விளையாட்டில் பந்தயத்தைத் தொடங்கிவைக்க, பச்சைக் கொடி பிடித்த நத்தை தன் கூட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ரங்கநாயகி நினைத்திருந்தாள். நேற்றும் இப்படித்தான் நினைத்தாள், முந்தாநாளும். நினைப்பதற்கும் நாக்கு புரள்வதற்கும் நடுவில் அந்த நத்தை வந்துவிடுகிறது. விளையாட்டுப் பெட்டியைப் போட்டதும் அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து வழக்கம்போலத் தன் நீல ரிமோட்டை அமுக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "பொம்பளைங்க மொதல்ல ஏறுங்க. ஆம்பளைங்கெல்லாம் கொஞ்சம் எறங்கி நில்லுங்கப்பா, படியில தொங்காதீங்க," என்றார். முப்பத்தோரு வருஷம் பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்குமாக அரசு பஸ் ஓட்டியவர். தினமும் நாலு மணிக்கு இதே வேடிக்கை. அவள் சிவப்பு ரிமோட்டை அமுக்கிய பிறகுதான் "ரைட், போலாம்," என்று தன்னுடையதை அமுக்குவார். அவள் சிரிப்பாள். இன்றைக்கும் சிரித்தாள், சிரித்த பிறகு அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்தாள். எட்டுக் குட்டி வண்டிகள் வரிசையில் நின்று உறுமின. மஞ்சள் ஹெல்மெட் போட்ட முதலை, கறுப்புக் கண்ணாடி மாட்டிய பூனை, சமையல்காரத் தொப்பியோடு ஓர் ஆடு, இன்னும் மூன்று பேர், எல்லோரையும் பெட்டியே ஓட்டும். திரை நடுவில் ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேல்பாதி அவளுக்கு. அதில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு கிழட்டுக் கோழி, வண்டியின் பின்னால் ஒரு சின்ன மஞ்சள் கொடி படபடக்க, பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தது. கீழ்ப்பாதி அவருக்கு. அதில் ஊதா நிற ஆக்டோபஸ்.

"நாளைக்குக் கல்யாணப் பந்தியில கையிலயே திங்கறனா இல்லயா பாரு," என்றார் நாச்சிமுத்து, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "வளைவு திருப்பற கைக்கு ரசஞ்சோறு திருப்பத் தெரியாதாக்கு?"

"மொதல்ல முன்னால பாருங்க. கொடி எறங்கிருச்சு."

இறங்கிவிட்டது. இனி மூன்று சுற்று முடியும்வரை வாய் திறக்க முடியாது. முதலை எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்து, திரும்பிப் பார்த்து, ஹெ ஹெ என்று சிரித்தது. அதன் சிரிப்பு அவளுக்குப் பிடிக்காது, தன் மனசுக்குள் இருப்பதைத் தெரிந்துகொண்டு சிரிப்பது போல இருக்கும். அவள் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். கோழி கிளம்பியது. சாக்பீஸ் டப்பாவைவிடச் சிறிய இந்த ரிமோட்டைக் கையில் பிடித்து மணிக்கட்டைத் திருப்பினால் வண்டி திரும்பும், கட்டைவிரலை அமுக்கினால் ஓடும், அவ்வளவுதான் வித்தை. மகள் அபிநயா பூனாவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அவர் கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் ஜெனிஃபர்தான் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "அங்கிளுக்கு இதையே குடுங்க ஆன்ட்டி. வலது கையில மட்டும் புடிக்கணும், இடது கை மடியிலயே இருக்கட்டும்," என்றாள். மணிக்கட்டு திரும்பும் அசைவு முக்கியமாம். சோற்றைப் பிசைந்து, உருட்டி, உள்ளங்கையை வாய்ப்பக்கம் திருப்பும் அந்த அசைவு. பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து பிரஷ் விழுந்தது. அவர் குனிந்து எடுக்காமல், யாரோ தட்டிவிட்டது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, கை மட்டும் உடம்பில் சாத்தி வைத்த குடை மாதிரித் தொங்கியது. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டார், ஆனால் யார் எதிரிலும் சாப்பிடமாட்டார். பின்னறையில், சுவரைப் பார்த்து, கதவை ஒருச்சாய்த்து. இடக்கையால் தின்கிறவன் என்று பார்ப்பவர் கண் சொல்லும் என்பார். அவள் கண்ணும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. முப்பத்துநாலு வருஷம் எதிரில் உட்கார்ந்து பரிமாறியவள் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அப்படிப்பட்ட மனுஷர் முதல்நாள் இந்த மிருகங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆக்டோபஸ் வந்ததும், "இவன்தான் நமக்கு. எட்டுக் கை இருக்கறவனுக்கு ஒண்ணு போனா என்ன புள்ள, மீதி ஏழு இருக்குதல்லோ," என்றார். எட்டுக்கையன் என்று பேரும் வைத்தார். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

முதல் வளைவு வந்தது. மலை முழுக்கக் கேக்கால் ஆனது, சாலை சாக்லேட், ஓரத்தில் தடுப்புச் சுவர் இல்லை, கீழே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சர்க்கரைப்பாகு ஆறு. எத்தனையோ பாதைகள் இருக்க அவருக்கு இது ஒன்றுதான் வேண்டும். நம்ம வால்பாறை என்பார். நிஜ மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு, இதில் ஒன்பதுதான், "மீதியக் கான்ட்ராக்டர் தின்னுட்டான்" என்பார். அந்த நாற்பதையும் அவள் ஒருமுறை அவர் பஸ்ஸில் கடந்திருக்கிறாள், கல்யாணமான புதிதில், முன் சீட்டில், அபிநயா வயிற்றில் இருந்தாளோ இல்லையோ என்ற சந்தேகத்தோடு. ஒவ்வொரு வளைவிலும் அவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார், நிறுத்தி, இன்னொரு தடவை. எதற்கு என்று கேட்டதற்கு, மேலே ஏறுகிறவனுக்குக் கீழே இறங்குகிறவன் நின்று வழிவிட வேண்டும், அதுதான் மலைச் சட்டம், போலீஸ் இல்லாத இடத்திலும் அது மாறாது என்றார். ஸ்டீயரிங் அவர் கையில் தயிர் கடையும் மத்துபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்றது. தொட்டும் தொடாமலும். அந்தக் கை. அந்தக் கைதான் முதல் வாரத்தில் இந்தக் கேக் மலையில் ஒரு பந்தயத்துக்குப் பதினான்கு தடவை விழுந்தது. எண்ணத்தான் செய்தாள், கணக்கு டீச்சரின் கெட்ட பழக்கம். விழும்போது பொளக் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு நாரை பறந்து வந்து வண்டியை அலகில் கவ்வித் தூக்கிச் சாலையில் போடும், அதற்குள் எல்லோரும் போயிருப்பார்கள். அவளும்கூட நாலைந்து தடவை விழுவாள், அது வேறு. அவர் ஒவ்வொரு தடவை விழும்போதும் திரையைப் பார்க்காமல் திரும்பி அவளைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. எதைக் கேட்கிறது அது? பரிதாபத்தையா? அவளிடம் இருந்தது அதுதான், அதைக் கொடுக்கத்தான் செய்தாள், முகம் நிறைய. அவர் உடனே திரும்பிக்கொள்வார்.

அதனால்தான் செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், இரண்டாவது வளைவில். அன்பினால் என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. சத்தம் பொறுக்காமல் செய்தது. அந்தப் பொளக்கும் அந்தப் பார்வையும் வேண்டாம் என்று செய்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால், அவர் மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தபோது, அபிநயாவுக்குப் போன் போட்டாள். சின்னப் பிள்ளைகளுக்காகப் பெட்டியில் ஒரு வசதி இருக்கிறதாம், அதைப் போட்டுவிட்டால் சாலையைவிட்டு விலகும்போது பெட்டியே வண்டியைத் திருப்பிக்கொள்ளுமாம், கையைச் சும்மா வைத்திருந்தாலும் விழாதாம். மகள் சொல்லச் சொல்ல, அவருடைய நீல ரிமோட்டை எடுத்து, பொத்தானை அமுக்கி, பட்டியலில் இறங்கி, ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடித்தாள். முப்பது வருஷமாக டிக் அடித்த கை. மகள், "அப்பாகிட்ட சொல்லிடுவியாம்மா?" என்றாள். "சொல்றேன்டி," என்றாள். சொல்லவில்லை. மறுநாளும் அவர் விழத்தான் செய்தார், ஆனால் பதினான்கு பத்தாயிற்று, பத்து ஆறாயிற்று, ஆறு மூன்று. இந்தக் கைக்குப் பெட்டியாலும் இவ்வளவுதான் முடிகிறது, மெதுவாகத்தான் பழகுகிறது என்று நினைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் ஒன்றிரண்டு. வளைவைச் சுத்தமாகத் திருப்பிவிட்டு, "பாத்தயா!" என்று அவர் தொடையில் தட்டும்போது, அவள் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை அவளே ஒருநாள் அணைந்த திரையின் கறுப்பில் பார்த்துவிட்டாள். நோட்டில் கோழிக்கிறுக்கல் கிறுக்கிவிட்டு வந்து நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்து டீச்சர் சிரிக்கும் சிரிப்பு. அன்று முதல் பார்க்காத மாதிரி சிரிக்கக் கற்றுக்கொண்டாள். இன்னொன்றும் உண்டு, அதை நினைக்கவே கூசுகிறது. அவர் மட்டும் தேறினார் என்றில்லை, அவளும் இந்த இரண்டு மாதமாக விழவே இல்லை. ஒரு தடவைகூட. கோணம் தெரிந்தவள், கணக்கு டீச்சர், கைக்கு வராமல் போகுமா என்று உள்ளுக்குள் ஒரு சின்னக் குருவி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டது. அவருக்குப் பெட்டி ஓட்டுகிறது, தனக்குத் தன் கை ஓட்டுகிறது.

"ஆடு பூசணிக்காய எறியுது, குனி!" என்று நாச்சிமுத்து கத்தினார். பூசணிக்காய் கோழியின் தலைக்கு மேலே போனது. வண்டிக்குள் இருக்கிற கோழி எப்படிக் குனியும்? அவளும் குனிந்திருந்தாள்.

இரண்டாவது சுற்று. இன்று காலையில் நடந்ததை நினைக்காமல் இந்தச் சுற்றை முடித்துவிடலாம் என்று பார்த்தாள், முடியவில்லை, பல்லில் சிக்கிய நார் மாதிரி நாக்கு அங்கேயே போகிறது. கண்டக்டர் குப்புராஜ் போன் செய்திருந்தார். பத்தொன்பது வருஷம் அவரோடு ஒரே வண்டியில் போனவர். நாளைக்குக் குப்புராஜின் மகளுக்குக் கல்யாணம். "அண்ணி, அண்ணன் எனக்குப் பக்கத்துலதான் பந்தியில உக்காரோணும். என்ற புள்ள கல்யாணச் சோத்தை அவரு கையெடுத்துத் திங்காம எனக்கு எறங்குமுங்களா?" ரங்கநாயகி போனை எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் கல்லுப் பக்கம் போய்விட்டாள். "இல்லீங் தம்பி. வர முடியாதுங்க. கை இன்னும் வரலீங்க," என்றாள். "அட, அன்னைக்கி நான் வந்தப்ப அந்தப் பொட்டியில அப்படி ஓட்டுனாருங்களே! ஆக்டோபஸ்ஸா என்னமோ, என்னையக்கூடத் தோக்கடிச்சாருங்களே!" அப்போது அவள் சொன்னாள். அதை ஏன் சொன்னாள்? வரவில்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். "அது அவரு ஓட்டறதில்லீங். பொட்டியே ஓட்டிக்கும். அவரு மனசு ஆறட்டும்னு நாந்தான் போட்டு வெச்சிருக்கறன்." "அண்ணனுக்குத் தெரியுமுங்களா?" "தெரியாதுங்க." "அப்படிங்களா," என்றார். அந்த அப்படிங்களாவில் ஒரு மரியாதை குறைந்தது. யார்மேல் குறைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்மேல் என்றால் குறைத்தது அவள். உள்ளே வந்தபோது நாச்சிமுத்து வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னார். போட்டு வைத்தாள். நாளைக்குக் காலையில் எழுந்து அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார், போகக்கூடாது என்று அவள் சொல்ல வேண்டும், ஏன் என்று கேட்பார். பந்தியில் நூறு பேர் எதிரில் சோறு மடியில் விழுவதைவிட இந்த அறையில் அவள் ஒருத்தி எதிரில் உண்மை விழட்டும். அதற்காகத்தான் இன்றைக்கே சொல்ல வேண்டும். சொன்னால் அவர் இந்த ரிமோட்டை இனித் தொடமாட்டார். எட்டுக்கையன் அதோடு போச்சு. முதுகு வளைந்து போகும், கதவு முழுக்கச் சாத்திக்கொள்ளும். சொல்லாவிட்டாலோ, சட்டை.

நாலாவது வளைவில் பூனை குறுக்கே சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனது. எட்டுக்கையன் வழுக்கி, விளிம்புவரை போய், ஒரு சக்கரம் வெளியே தொங்க, மெல்லத் திரும்பி உள்ளே வந்தான். "யப்பா!" என்றார் அவர். நெற்றியில் வேர்வை. பெட்டி திருப்பியதற்கு இவருக்கு ஏன் வேர்க்கிறது என்று ஒரு நினைவு வந்து, நிற்காமல் போயிற்று. ஜெனிஃபர்கூடப் போன வெள்ளிக்கிழமை சமையலறையில் மெதுவாகச் சொன்னாள், "விரல் பலம் நல்லா கூடியிருக்கு ஆன்ட்டி. இப்ப சோறு பிசைய விடலாமே?" ரங்கநாயகி அவளிடமும் சொல்லிவிட்டாள், பெட்டி, டிக், இரண்டு மாதம், எல்லாம். எத்தனை பேரிடம் சொல்லியாகிவிட்டது, அவரைத் தவிர. ஜெனிஃபர் புருவத்தைச் சுருக்கி, "அது சரி ஆன்ட்டி, ஆனா விரலை நான் புடிச்சுப் பாத்தேனே," என்றாள். சின்னப் பெண், நல்லது சொல்ல வேண்டும் என்று சொல்கிறாள் என்று காப்பியை ஆற்றிக் கொடுத்து அனுப்பினாள். அதற்கு மறுநாள்தான் பின்னறைத் தரையில் சோற்றுப் பருக்கைகள் கிடந்தன, தட்டுக்கு வலது பக்கமாக, பத்துப் பதினைந்து, இரண்டொன்று சுவரோரம்வரை. "ஸ்பூன்லகூடச் சிந்தாமத் திங்க முடியாதுங்களா? எறும்பு வருது," என்று கத்திவிட்டாள். அவர் குற்றவாளி மாதிரி முழித்தார். அந்த முழி எங்கேயோ பார்த்தது. எங்கே? வசந்தாமணி. எட்டாம் வகுப்பு, பி பிரிவு, கடைசி பெஞ்ச். எப்போதும் பத்து, பன்னிரண்டு வாங்குகிற பெண் ஒரு பரீட்சையில் எண்பத்தொன்று வாங்கியிருந்தாள். "ஆரப் பாத்து எழுதுன?" என்றாள் ரங்கநாயகி, வகுப்பு முழுக்கக் கேட்க. அந்தப் பெண் எழுந்து வந்து, கேட்காமலே சாக்பீஸை எடுத்து, அதே கணக்கைப் பலகையில் போட்டாள். சரியாக இருந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தாள், டீச்சர் கேட்பதில்லை. அதற்கப்புறம் வருஷம் முழுக்க வசந்தாமணியின் நோட்டில் ஒவ்வொரு கணக்கும் ஒரு பக்கம் போகும். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பதைக்கூடப் படி எழுதிக் காட்டியிருப்பாள். ஒவ்வொரு படிக்கும் சாட்சி வைக்கிற மாதிரி. அந்த நோட்டைத் திருத்தும்போதெல்லாம் சிவப்பு மை கையில் ஒட்டும். இருபத்திரண்டு வருஷமாயிற்று, இன்னும் ஒட்டுகிறது. அதை இப்போது ஏன் நினைக்கிறேன்? இவர் விஷயம் வேறு. இவருக்கு நான் டிக் அடித்தது நிஜம்.

மணி அடித்தது. கடைசிச் சுற்று. முதலை முதலில், பூனை இரண்டாவது, கோழி மூன்றாவது, எட்டுக்கையன் நாலாவது. அவர் மூச்சுக் கேட்டது. "இன்னிக்கு உன்னையத் தாண்டாம விடமாட்டன் புள்ள," என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். முடிந்ததும் சொல்லிவிடுகிறேன். நாரை தூக்குவது போல் மெல்லத் தூக்கிச் சொல்ல வேண்டும். ஏனுங்க, கோபப்படாதீங்க என்று ஆரம்பிக்கலாம். கோபப்பட்டால் நல்லது, கோபப்படாமல் சும்மா இருந்தால்? ஏனுங்க, உங்க கை நல்லாத்தான் வருது, ஆனா. அந்த ஆனாவுக்கு மேல் வாக்கியம் நகரவில்லை. அவளுடைய மூக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்துத் திரை முழுக்க இளஞ்சிவப்பாகக் கலங்கியது. ஏழாவது வளைவு வந்தது தெரியும், அதைத் திருப்ப வேண்டும் என்றும் தெரியும், ஆனால் கை மடியில் விழுந்துவிட்டது. கட்டைவிரல் மட்டும் பழக்கத்தில் அமுங்கியிருந்தது. போகட்டும், விழட்டும், ஒரு தடவை நானும் விழுந்தால் என்ன என்று காத்திருந்தாள், பொளக்குக்காக. பொளக் வரவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். கோழி திரும்பிக்கொண்டிருந்தது. தானாக. விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி, யாரோ கழுத்தைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி, மூக்குக் கண்ணாடி சரியாமல், அழகாகத் திரும்பியது. அவள் கையைப் பார்த்தாள். மடியில், மல்லாந்து, செத்துக் கிடந்தது. திரும்பத் திரையைப் பார்த்தாள். எட்டாவது வளைவும் திரும்பியது. வண்டியின் பின்னால் அந்த மஞ்சள் கொடி படபடவென்று அடித்துக்கொண்டது. அதைக் கோழியின் அலங்காரம் என்று நினைத்திருந்தாள். கீழ்ப்பாதியைப் பார்த்தாள். எட்டுக்கையன் வண்டியில் கொடி கிடையாது. இந்த இரண்டு மாதத்தில் ஒருநாளும் இல்லை. பொம்பளைங்க மொதல்ல ஏறுங்க. ரிமோட்டின் நிறம் பெட்டிக்குத் தெரியாது. யார் முதலில் அமுக்குகிறார்களோ அவர்தான் அதற்கு ஒன்றாம் ஆள். அன்று மத்தியானம் தனியாக உட்கார்ந்து நீல ரிமோட்டை அமுக்கியபோது அவள் ஒன்றாம் ஆளுக்கு டிக் அடித்தாள். மறுநாள் நாலு மணிக்கு அவர் மரியாதையாக ஒதுங்கி நின்று அவளை முதலில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து தினமும். பத்து ஆறானது, ஆறு மூன்றானது, அந்த வேர்வை, அந்த ஒற்றைச் சக்கரம் விளிம்பில் தொங்கித் திரும்பியது, எல்லாம் அந்தக் கை. சுவரோரம்வரை தெறித்த பருக்கைகள்.

ஒன்பதாவது வளைவில் எட்டுக்கையன் அவளைத் தாண்டப் பார்த்து, அகலமாகத் திரும்பி, விழுந்தான். பொளக். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. கோழி அவளில்லாமலே கோட்டைத் தாண்டி மூன்றாவதாக நின்று, இறக்கையை விரித்து ஆடியது.

"போச்சு போ," என்று சிரித்தார் நாச்சிமுத்து. "உழுந்தாலும் நாந்தானே உழுந்தேன்." அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள? செயிச்சுப்போட்டு அழுவற?"

பதில் சொன்னால் மறுபடி ஆனா என்பதில் போய் நிற்கும். போனை எடுத்து, இந்தத் தடவை துவைக்கும் கல்லுக்குப் போகாமல், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, குப்புராஜின் எண்ணை அமுக்கினாள்.

"தம்பி, நாந்தானுங். காலையில நான் சொன்னது பூராவும் தப்புங்க. பொட்டி ஓட்டுனது அவரு வண்டிய இல்லீங், என்ற வண்டிய. அவருது அவரு கைதானுங். நாளைக்கு வர்றோம். உங்க பக்கத்துலயே எலை போடுங்க." அந்தப் பக்கம் குப்புராஜ் ஏதோ கத்தினார், பின்னால் பந்தல் போடுகிறவர்களின் சத்தம், அவள் வைத்துவிட்டாள்.

அவர் சிரிப்பு நின்றிருந்தது. ஏறும்போது எஞ்சின் சத்தம் மாறினால் தலையைச் சாய்த்துக் கேட்பாரே, அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார். "காலையில என்ன சொன்ன?"

சொன்னாள். ஆனா போடாமல் சொன்னாள். டிக், மகள், ஜெனிஃபர், குப்புராஜ். சொல்லச் சொல்ல அவர் அவளைப் பார்க்கவில்லை, தன் வலது கையையே பார்த்தார், விரலை மடக்கி, நீட்டி, யாரோ திருட்டுப் பழி சொன்ன பிள்ளையை விசாரிப்பது போல.

"ரெண்டு மாசமா?"

"ரெண்டு மாசமாங்க."

"நான் தொடையத் தட்டித் தட்டிக் காமிச்சப்பல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கற."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். கறுப்புத் திரையில் பார்த்த அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. "ஆமாங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தரையில அன்னைக்கிக் கெடந்த சோறு," என்று இழுத்தாள்.

"கையில தின்னதுதான். ஸ்பூன் இல்ல." அவர் குரல் தடித்திருந்தது. "கதவச் சாத்திட்டுத் தின்னு பாத்தன். உனக்கு இப்பத் தெரிய வேண்டாம், நீ பந்தியில பாத்து அசந்து போகட்டும்னு."

வெளியே பால்காரரின் மணி கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. திரையில் கோழி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, வெட்கமில்லாமல், இறக்கையை விரித்து விரித்து.

"அதக் கழட்டு," என்றார்.

பட்டியலில் இறங்கி, அந்தச் சின்னக் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தாள். கோழி வண்டியின் மஞ்சள் கொடி மறைந்தது. பெட்டியை அணைத்துப் போட்டாள், முதலிலிருந்து. சிவப்பு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள், அந்த வேடிக்கைக்காக. அவர் நீல ரிமோட்டைத் தானே முதலில் அமுக்கினார். எட்டுக்கையன் மேல்பாதிக்குப் போனான். அவளுக்குக் கீழ்ப்பாதி.

நத்தை தலையை நீட்டியது. கொடி இறங்கியது. முதலை ஹெ ஹெ என்றது. முதல் வளைவில் அவள் முழுக் கையையும், தோளையும், உடம்பையும் சேர்த்துத் திருப்பினாள். போதவில்லை. கோழி நேராகப் போய், சாக்லேட் தீர்ந்து, வெறும் காற்றில் ஒரு கணம் நின்று, பொளக். அவள் தன்னையறியாமல் திரும்பி அவரைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அது அவருடைய பார்வை என்று தெரிந்தது. அவர் திரும்பவில்லை. திரையின் மேல்பாதியில் பூனையும் ஆடும் மற்ற எல்லோரும் எட்டுக்கையனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டாவது வளைவின் ஓரத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தியிருந்தான். ஹாரன் கேட்டது. இரண்டு தடவை, நிறுத்தி, இன்னொரு தடவை. அவர் விழுந்த நாளிலெல்லாம் அவளுடைய கோழி ஒரு வளைவிலும் இப்படி நின்றதில்லை.

"நாரை தூக்கிட்டு வரும்," என்றார் நாச்சிமுத்து, முகத்தைத் திருப்பாமல். "பதறாத. மெதுவாத் திருப்பு."